நெட்டுக்குப்பத்திற்கு வந்துபோன நட்சத்திரங்கள்

"இன்னா சார், ஷூட்டிங்கா?"

நெட்டுக்குப்பத்துக் கடற்கரையில் நான் கால் வைத்ததும் என்னை எதிர்கொண்ட கேள்வி இதுதான். கேட்ட சிறுவனுக்குப் பத்து வயதுக்கு மேலிராது. என் தோளில் தொங்கிய பைக்குள் காமிரா இருப்பதாக அவன் முடிவு கட்டிவிட்டான். உள்ளே இருந்தவையோ ஒரு குடை, ஒரு தண்ணீர்ப் புட்டி, நல்ல நண்டு கிடைத்தால் வாங்கி வரும்படி மனைவி மடித்துக் கொடுத்த பை ஒன்று, அவ்வளவே. "இல்லை தம்பி, சும்மா பார்க்க வந்தேன்" என்றேன். சும்மா பார்க்க ஒருவர் எண்ணூருக்கு வருவாரா என்பதுபோல் என்னை ஏற இறங்க நோக்கிவிட்டு, தன் தோழரிடம் ஓடிவிட்டான்.

அவனுடைய ஐயம் நியாயமானதே. கடலுக்குள் நீண்டு நின்ற பழைய பாலம் ஒன்றின் காரணமாக இக்கரை படம் எடுப்போரிடையே பெயர் பெற்றது. திருமணத்திற்கு முன் படம் எடுத்துக்கொள்ளும் இளையோர், குறும்படம் எடுக்கும் கல்லூரி மாணவர், எப்போதேனும் பெரிய படக் குழுவினர் என்று காமிராவோடு வருவோரையே அவன் கண்டிருப்பான். அவர்கள் விட்டால், எண்ணெய் கொட்டிய நாளிலும் வாயு கசிந்த நாளிலும் வந்த தொலைக்காட்சிக்காரர்கள். எனக்கு முன் இவ்வூருக்கு வந்த புகழ் பெற்றோரைப் பற்றியும், அவர்களைப் பார்ப்பதற்கென்றே கடல் கடந்து போய் வந்த என்னைப் பற்றியும் எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

நான் இராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன். பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றழைத்தனர். படகோட்டிகள் எழுப்பிய அந்த இராயப்பர் ஆலயத்தினின்றே எங்கள் பகுதி பெயர் பெற்றது என்பர். அங்கிருந்து எண்ணூர் ஒரு மணி நேரப் பயணந்தான். கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் இரயிலில் ஏறினால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாய்க் கழியும். இடையில் ஆலைகளின் மதிற்சுவர்களும், சரக்குப் பெட்டிகளைச் சுமந்து வரிசையில் நிற்கும் நெடிய லாரிகளும் கண்ணில் படும். எண்ணூரில் இறங்கி ஆட்டோ பிடித்தால், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தின் தென்புறத்தில் நெட்டுக்குப்பம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் கழி. வடக்கே நோக்கினால் நீருக்கு அப்பால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் காமராசர் துறைமுகமும்.

ஒரு காலத்தில் இது கேளிக்கைக்குரிய இடமாய் இருந்தது என்றால் இன்றைய பிள்ளைகள் நகைப்பர். கும்பினிக் காலத்துச் சென்னைத் துரைமார் கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் பங்களாக்கள் கட்டிக்கொண்டு, பட்டணத்து வெயிலுக்குத் தப்பி இங்கே காற்று வாங்க வந்தனர். அவர்களை ஏன் சொல்ல வேண்டும்? நாங்களும் வந்தோம். 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது, என் தந்தையார் ஒரு ஞாயிறு மாலை எங்களையெல்லாம் அழைத்து வந்து அதன் புகைபோக்கிகளைக் காட்டினார். தாயார் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை உண்டபடி, கரும்புகை எழும்போதெல்லாம் நாங்கள் கைகொட்டினோம். தமிழ்நாடு முன்னேறுகிறது என்றார் தந்தையார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்த நிலையத்து மின்சாரத்தில்தான் எங்கள் தெரு விளக்குகளும் எரிந்திருக்கும். 2017 மார்ச் திங்களில் அந்நிலையம் மூடப்பட்டது. அதற்குள் கழியின் வடபுறத்தில் அதனினும் பெரிய நிலையம் வந்துவிட்டது.

நான் ஆசியாக் கண்டத்தை முதன்முதல் கண்டதும் எங்கள் வடசென்னையில்தான். 1973-ஆம் ஆண்டு, தண்டையார்பேட்டை அகஸ்தியா திரையரங்கில், 'உலகம் சுற்றும் வாலிபன்'. எம்.ஜி.ஆர். 1970-இல் ஜப்பானின் ஒசாகா நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கே சென்று படம்பிடித்து வந்திருந்தார். ஹாங்காங், தாய்லாந்து, சிங்கப்பூர் எல்லாம் ஒரே டிக்கெட்டில்! அந்த அகஸ்தியா 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அவ்வழியே போகும்போதெல்லாம் ஏதோ ஓர் உறவினர் வீட்டுக் கதவு பூட்டிக் கிடப்பதுபோல் எனக்குத் தோன்றும்.

அதற்கும் முந்திய நினைவு ஒன்றுண்டு. எங்கள் பக்கத்துக் குப்பமொன்றில் திருவிழாவையொட்டி மணலில் இரு கழிகளை நட்டு, வெள்ளைத் துணி கட்டி, 'படகோட்டி' படம் காட்டினார்கள். 1964-இல் வந்த படம் அது. மீனவர் தலைவனாக எம்.ஜி.ஆர்., நாயகியாக சரோஜாதேவி. துணிக்கு இப்பால் ஊர்ப் பெரியவர்களும் பெண்களும். இடமில்லாத நாங்கள் துணிக்கு அப்பால் கடற்பக்கமாய் உட்கார்ந்து பார்த்தோம். எங்களுக்கு எழுத்தெல்லாம் தலைமாறித் தெரிந்தது, நாயகன் இடக்கையால் வாளையும் துடுப்பையும் வீசினார். எங்கள் அருகில் ஒரு மீனவர், "இப்படித் துடுப்புப் போட்டால் படகு நின்ற இடத்திலேயே சுற்றும்" என்று முணுமுணுத்துக்கொண்டே, இறுதிவரை எழுந்திராமல் பார்த்தார். படம் முடியும்போது அவர் கண்கள் கலங்கியிருந்தன. அவர் அழுதது எனக்கு அன்று புரியவில்லை. தம் தொழிலை ஓர் அழகன் செய்வதைக் காண்பதில் ஏதோ ஒரு மதிப்பு அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும்.

உழைப்பாளியாய் நடித்தவருக்கு விருதுகளும் கிட்டின. 'ரிக்‌ஷாக்காரன்' படத்திற்காகவே 1971-ஆம் ஆண்டின் சிறந்த நடிகருக்கான பாரத் விருது எம்.ஜி.ஆருக்கு வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, சென்னை ரிக்‌ஷாத் தொழிலாளருக்கு அவர் மழை அங்கிகள் வழங்கியிருந்தார். மழைக் காலத்தில் தெருவில் அந்த அங்கிகளைப் பார்த்தவன் என்ற முறையில் இதைக் குறிப்பிடுகிறேன். விருது அவர் வீட்டு அலமாரியில் இருந்திருக்கும். அங்கி நனைந்து நனைந்து கிழியும்வரை ஒருவன் முதுகின்மேல் இருந்தது.

இந்தக் காலத்தில் விருதுகளே ஊர் ஊராய்ச் சுற்றுகின்றன. 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்திற்காகச் சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதைத் தமிழ்நாடே கொண்டாடியது. அயல்நாட்டு விருது அன்று அத்தனை அரிது. இன்றோ இந்தித் திரையுலகினர் தம் விருது விழாவைக் கூடாரம்போல் தூக்கிக்கொண்டு 2004-இல் சிங்கப்பூர், 2008-இல் பாங்காக், 2009-இல் மக்காவ் என்று நடத்தினர். 2010-இல் கொழும்பு என்றபோது தமிழ்த் திரையுலகம் போக மறுத்தது. ஈழத் தமிழர் துயரும் நம் மீனவர்மேல் நடந்த தாக்குதல்களும் நெஞ்சில் பசுமையாய் இருந்த நேரம் அது. அதே அமைப்பு தென்னிந்தியப் படங்களுக்கென ஐதராபாத்தில் நடத்தவிருந்த விழா 2015 டிசம்பரில் நம் சென்னை வெள்ளத்தால் தள்ளிப்போய், அடுத்த ஜனவரியில் நடந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் ஏறியதால் வேற்றூரில் விளக்குகளை அணைத்தார்கள் என்பதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

இனி என் சொந்தக் கதை. 2018-ஆம் ஆண்டு ஜனவரியில், கோலாலம்பூரில் பணிபுரியும் மகள் வீட்டிற்கு நானும் மனைவியும் சென்றிருந்தோம். அவ்வாரமே, ஜனவரி 6-ஆம் நாள், நடிகர் சங்கக் கட்டட நிதிக்காகப் புக்கிட் ஜாலில் விளையாட்டரங்கில் நட்சத்திர விழா. ரஜினிகாந்த் அரசியலுக்கு வருவதாக அறிவித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கமல்ஹாசனும் வருகிறார் என்றார்கள். மருமகன் எங்களுக்கும் சீட்டு வாங்கிவிட்டார். வேண்டாமென்று நான் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால், முதலில் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பியவன் நானே.

எங்கள் இருக்கையிலிருந்து மேடையில் நின்றோர் கட்டைவிரல் அளவே தெரிந்தனர். பெருந்திரையில் பார்த்துத்தான் இன்னார் என்று அறிய வேண்டியிருந்தது. வீட்டிலேயே தொலைக்காட்சியில் பார்த்திருக்கலாமே என்று மனைவி காதோடு சொன்னாள். எனக்கு மறுபுறம் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். அவருடைய பாட்டனார் இரப்பர்த் தோட்ட வேலைக்காகக் கப்பலேறி வந்தவராம். நான் சென்னை என்றதும், "உங்களுக்கென்ன ஐயா, இவர்களை அன்றாடம் பார்க்கலாம்" என்றார். இராயபுரத்தில் இத்தனை ஆண்டுகளில் ஒரு நட்சத்திரத்தையும் நான் நேரில் கண்டதில்லை என்பதை அவர் நம்பவில்லை. பிறகு, "இரண்டு மாதத்திற்கு முன் கமல் போய்ப் பார்த்தாரே, எண்ணூர், அது உங்கள் ஊர்ப் பக்கந்தானா? இப்போது எப்படி இருக்கிறது?" என்று வினவினார்.

நான் திகைத்துப் போனேன். கமல்ஹாசன் 2017 அக்டோபர் 28-ஆம் நாள் விடியற்காலையில் எண்ணூர்க் கழிமுகத்தைப் பார்வையிட்ட செய்தியை நானும் படித்திருந்தேன். படத்தில் அவருடைய முகத்தையும், அவர் எவ்வளவு இளைத்திருக்கிறார் என்பதையும் கவனித்தேன். அவருக்குப் பின்னால் இருந்த நீரையும் சாம்பலையும் கவனித்ததாய் நினைவில்லை. கழியை நான் கண்ணால் பார்த்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மலேசியாவில் ஒருவர் கேட்டுத்தான் அது எனக்கு உறைத்தது. "பரவாயில்லை" என்று எதையோ சொல்லி வைத்தேன்.

அடுத்த வாரம் மகள் எங்களைக் கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகில் ஏற்றிப் புலாவ் கேத்தாம் தீவுக்கு அழைத்துச் சென்றாள். கேத்தாம் என்றால் மலாய் மொழியில் நண்டு. அலையாத்திக் காடு சூழ்ந்த சேற்றுத்தீவு அது. வீடுகளெல்லாம் கால்நட்டு நீர்மேல் நிற்கின்றன. தெருவென்பது பலகைப் பாதை, ஊர்தியென்பது மிதிவண்டி. சீன மீனவக் குடும்பங்கள் தலைமுறைகளாய் வாழுமிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்தார் கூட்டமாய் வந்து நண்டும் இறாலும் உண்டு, வலை உலரும் திண்ணைகளைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். நாங்களும் உண்டோம். சேறு, அலையாத்தி, நண்டு, கடலோடிகள் எல்லாம் எண்ணூர்க் கழியிலும் உண்டல்லவா என்று எண்ணியபோது உணவு சற்றே தொண்டையில் நின்றது. ஊர் திரும்பியதும் எண்ணூருக்குப் போய் வர வேண்டும் என்று மனைவியிடம் சொன்னேன். சொன்னேனே தவிர, முதுகுவலி, கொரோனா, சோம்பல் என்று ஆண்டுகள் ஓடின. அண்மையில் ஒரு சனிக்கிழமைதான் அந்தச் சொல் நிறைவேறிற்று.

கமல்ஹாசனுக்கு முன்பே இக்கழிக்கு வந்த கலைஞர் ஒருவர் உண்டு. கருநாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா 2016-இல் ஆசியாவின் நோபல் என்று பலரும் போற்றும் ரமோன் மகசேசே விருதை மணிலா நகரில் பெற்றார். அடுத்த ஜனவரியிலேயே சாம்பல் படிந்த இக்கழியோரத்தில் நின்று, கபேர் வாசுகி எழுதிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' என்பதைப் பாடிக் காணொளியாக வெளியிட்டார். அவையில் பட்டுடுத்திக் கேட்கும் இராகங்களை அவர் அனல்மின் நிலையத்தின் எதிரில் பாடினார். புறம்போக்கு என்ற சொல்லை நாம் வீட்டில் பிள்ளைகளைத் திட்டவே பயன்படுத்துகிறோம். வரி விதிக்கப்படாமல் ஊர்ப் பொதுவாய் விடப்பட்ட நிலமே புறம்போக்கு. ஏரி, ஆற்றங்கரை, மேய்ச்சல் வெளி, கழி எல்லாம் அதனுள் அடங்கும். பொதுவானது என்ற பொருளுடைய சொல் எப்போது வசைச் சொல்லாயிற்று என்பதே அப்பாடல் எழுப்பிய வினா.

பாடல் வெளிவந்த அதே ஜனவரியின் 28-ஆம் நாள் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக் கொண்டன. எண்ணெய் கரையெங்கும் ஒதுங்க, மீனவரும் இளைஞரும் வாளியால் அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கழிக்குள் புகுந்தது. படகும் வலையும் கறுத்தன. அம்மாதமே 26-ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, மக்கள் இருட்டில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். இவையன்றி, சாம்பலைக் கொண்டுசெல்லும் குழாய்களிலிருந்து ஆண்டுக்கணக்கில் கசிந்தது கழியின் அடியில் படிந்து ஆழத்தையே குறைத்துவிட்டது. கசிவுக்கு யாரும் நள்ளிரவில் ஓடவில்லை. ஆகவே அதற்குக் காமிராவும் வரவில்லை, அந்தப் பாடல் வரும்வரை.

மணலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் உட்கார்ந்து இவற்றையெல்லாம் கேட்டேன். எனக்கும் பத்து வயது மூத்தவர். கை ஓயாமல் பேசினார்.

"வந்தாங்க தம்பி. வந்தவங்கள நான் குறை சொல்ல மாட்டேன். யாருமே வராம இருந்த ஊருக்கு வந்தாங்க இல்ல? பாட்டும் நல்லா இருந்துச்சு. ஆனா ஒண்ணு. எங்க ஊரு பேரு டிவியில எத்தினி தபா வருதோ, அத்தினி தபா எங்க மீனு வெல எறங்குது. எண்ணூர் மீனான்னு கேட்டுட்டு அப்படியே தள்ளிப் போயிடறாங்க. எண்ணெய் கொட்டினவனுக்கு வெல எறங்கல. எங்களுக்குத்தான் எறங்குது."

இதை நான் எந்தச் செய்தித்தாளிலும் படித்து எண்ணிப் பார்த்ததில்லை. தீங்கை வெளிச்சம்போட்டுக் காட்டினால் தீங்கு குறையும் என்றே நினைத்திருந்தேன். வெளிச்சம் மீனின்மீதும் விழும் என்பது தோன்றவில்லை. அப்படியானால் பாடாமலும் வராமலும் இருந்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். பெரியவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அப்படிச் சொல்லல. வந்தவங்க ஒரு வேளை எங்க மீனத் தின்னுட்டுப் போயிருக்கலாம். அதப் படம் புடிச்சிருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் கேலி செய்தாரா, மெய்யாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

விடைபெற்று வரும் வழியில், மூங்கில் கூடையோடு ஓர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். கூடையில் நண்டுகள் கொடுக்கு கட்டப்பட்டு அசைந்துகொண்டிருந்தன. பையை வெளியே எடுத்தவன் ஒரு நொடி தயங்கினேன். கழியின் சேற்றில் கனவகை உலோகங்கள் கலந்திருப்பதாகப் படித்தது நெஞ்சில் ஓடிற்று. அந்தத் தயக்கத்தை அவர் எத்தனை முகங்களில் கண்டிருப்பாரோ, நான் வாய் திறக்கு முன்பே, "ஆத்து நண்டு இல்ல ஐயா, கடல் நண்டுதான். பயப்படாம வாங்கிக்குங்க" என்றார். புலாவ் கேத்தாமில் அந்த நண்டு எந்தச் சேற்றில் பிடிபட்டது என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை.

"ஆற்று நண்டை என்ன செய்வீர்கள் அம்மா?" என்றேன்.

"எங்க வூட்டுக்கு" என்றார்.

ஒரு கிலோ வாங்கினேன். பேரம் பேசவில்லை. பேரம் பேசாததையும் அவர் கவனித்திருப்பார். அது அவருக்கு உவப்பாய் இருந்திருக்குமா என்பதும் ஐயமே.

இரயிலில் திரும்பும்போது பை மடியில் அசைந்துகொண்டே இருந்தது. எதிரில் அமர்ந்த இளைஞர் இருவர் கைபேசியில் ஏதோ விருது விழாவைப் பார்த்து, யாருக்கு எது கிடைக்கும் என்று தர்க்கித்துக் கொண்டிருந்தனர். நானும் எட்டிப் பார்த்தேன். பழக்கம் அவ்வளவு எளிதில் போவதில்லை.

வீட்டில் மனைவி பையை வாங்கிக்கொண்டு, "நல்ல கனமாய் இருக்கிறதே, காசிமேட்டிலா வாங்கினீர்கள்?" என்றாள்.

"இல்லை. நெட்டுக்குப்பத்தில், எண்ணூர் முகத்துவாரம்."

அவள் பையைத் திறக்காமல் சற்று நேரம் நின்றாள். பிறகு, "கமல் வந்து பார்த்தாரே, அந்த இடமா?" என்று கேட்டாள்.